இறுகிப்போன காக்ஸ் 049 இன்ஜினை மறுபடி ஓட வைக்க

மாடல் விமானங்களில் வரும் குட்டி இன்ஜினான பழைய காக்ஸ் 049 சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் அது துருவாக இருக்காது, உள்ளே பிசினாய் உறைந்த விளக்கெண்ணெய்தான். தயவுசெய்து புரொப்பெல்லரைப் பிடித்து முறுக்காதீர்கள், ஸ்க்ரூடிரைவரை எக்ஸாஸ்ட் துளையில் விட்டு பிஸ்டனைத் தள்ளவே தள்ளாதீர்கள், கீறல் விழுந்தால் கம்ப்ரெஷன் போச்சு. பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு, ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டுப் பொறுமையாக அசைத்துப் பாருங்கள், இளகும்.

அப்புறம் ரீட் வால்வை (எரிபொருள் கலவையை உள்ளே விடும் மெல்லிய தகடு) மெத்தனாலில் கழுவுங்கள். க்ளோ ஹெட்டுக்கு (எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள் உள்ள தலைப்பகுதி) 1.5 வோல்ட் கொடுத்தால் கம்பிச்சுருள் செக்கச்செவேலென ஒளிர வேண்டும். மெத்தனால், நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் எண்ணெய் 20 சதவீதமாவது இருக்கட்டும், அதில் பாதியாவது விளக்கெண்ணெய். முதல் ஓட்டத்தில், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வைக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்து வையுங்கள்.