தீம் குறுக்கெழுத்து: போடறதும் புரிய வைக்கறதும்

தினமும் குறுக்கெழுத்து போடறவங்கள்ல நிறைய பேர் தலைப்பைப் பார்க்கறதே இல்ல. நேரா 1 இடமிருந்து வலம், அப்புறம் 4, அப்புறம் 7ன்னு வரிசையா போய்ட்டு, எல்லாம் முடிச்சப்புறம் "ஓ இதுக்கு தீம் வேற இருந்துச்சா"ன்னு கேப்பாங்க. சாதாரண புதிருக்கு அது போதும், தீம் புதிருக்கு (சில விடைகளை ஒரே இழையில கோத்திருக்கற புதிருக்கு) அது நஷ்டம், ஏன்னா தீம்ங்கறது ஓசியில கிடைக்கற இன்னொரு குறிப்பு. ரெண்டு விடையில அதைப் பிடிச்சுட்டா மிச்சம் நாலு விடை பாதி தானா வந்துடும்.

முதல்ல கட்டம் எண்ணறதை சொல்லிடறேன், புதுசா வர்றவங்க அங்கதான் தடுக்கி விழறாங்க. தமிழ்ல ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, அது உயிரா இருந்தாலும் சரி, மெய்யா இருந்தாலும் சரி, உயிர்மெய்யா இருந்தாலும் சரி. "கொ" பார்க்க மூணு துண்டா தெரியும், ஆனா ஒரு கட்டம்தான். புள்ளி வச்ச எழுத்துக்கு தனி கட்டம் உண்டு. "தமிழ்" மூணு கட்டம், ஆனா கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னா யூனிகோடு கணக்குல 5ன்னு சொல்லும், அதை நம்பி உக்காந்தா ஒண்ணுமே பொருந்தாது. விரலை விட்டு எண்ணுங்க.

அடுத்தது தேதி. தினசரி புதிர் கட்டறவங்களுக்கு தினமும் ஒரு தீம் யோசிக்கறது பெரிய தலைவலி, அதனால காலண்டர் மேல சாஞ்சுக்குவாங்க. ஆடி 18 அன்னைக்கு ஆறு பேரா வரும், பொங்கல் அன்னைக்கு கரும்பும் மஞ்சளும் வரும், தேர்தல் அன்னைக்கு ஓட்டு, மை, பெட்டி. பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி இன்னைக்கு என்ன நாள்னு ஒரு பார்வை பாருங்க. அமெரிக்காவுல நியூயார்க் டைம்ஸ் புதிர்ல இதுக்கு ஒரு ஒழுங்கே இருக்கு, திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் வழக்கமா தீம் இருக்கும், வெள்ளி சனிக்கு பொதுவா தீம் கிடையாது, வாரம் போகப் போக கஷ்டமும் ஏறும், வியாழக்கிழமைன்னா ஏதாவது குறும்பு வச்சிருப்பாங்க. நம்ம பக்கம் அப்படி கிழமைக் கணக்கு கிடையாது, கட்டறவரோட மூடுதான்.

சும்மா பேசிட்டே இருந்தா புரியாது, ஒரு புதிரை எடுத்துக்குவோம். இதுக்குன்னே நான் கட்டினது, தலைப்பு "முழு உடல் பரிசோதனை". அதுல ஒரு ஏழு கட்ட குறிப்பு: "கூட்டல் கழித்தல் வராதவர் கையில் இருக்கும் (7)". பார்த்த உடனே தோணலைன்னா விட்டுட்டு, அதைக் குறுக்கே வெட்டற மேலிருந்து கீழ் குறிப்புகளுக்குப் போங்க. ஒண்ணு "வானத்திலும் பறக்கும், காலேஜிலும் கொடுப்பார்கள் (4)", அது பட்டம். இன்னொண்ணு "திருவாரூரில் இழுப்பார்கள் (2)", அது தேர். பட்டத்தோட ட் நம்ம ஏழு கட்டத்துல அஞ்சாவதா விழுது, தேரோட ர் கடைசியில விழுது. இப்போ உங்க கையில இருக்கறது ட், அப்புறம் ஒரு காலி கட்டம், அப்புறம் ர். கேட்டார், போட்டார் மாதிரி "ட்டார்"னும் முடியலாம், ஆனா குறிப்பு ஒரு பொருளைக் கேக்கறதால இந்த வால் பெரும்பாலும் "ட்டர்"னுதான் முடியும். மீட்டர், கம்ப்யூட்டர் ஜாதி, அதாவது இங்கிலீஷ் சொல். கூட்டல் கழித்தலோட சேர்த்தா கால்குலேட்டர், எண்ணிப் பாருங்க, கா, ல், கு, லே, ட், ட, ர், சரியா ஏழு.

இதுல கவனிக்க வேண்டியது, புள்ளி வச்ச எழுத்து ஒண்ணு கிடைச்சா அது நாலு உயிர்மெய் கிடைச்ச மாதிரி. தமிழ்ல புள்ளி எழுத்துக்கு அப்புறம் எது வேணா வந்துடாது. க், ச், த், ப் வந்தா அடுத்த கட்டமும் அதே வரிசைதான், பக்கம், அச்சம், பத்து, அப்பா, இப்படி (பக்தி, சப்தம் மாதிரி வடசொல் வந்தா மட்டும் இது உடையும்). ங் வந்தா அடுத்து க வரிசைன்னு கண்ணை மூடிட்டு எழுதலாம் (அங்ஙனம், இங்ஙனம் மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் விலக்கு). ஞ் வந்தா ச வரிசை, இல்ல ஞ. ந் வந்தா பெரும்பாலும் த வரிசை. ர், ழ் ரெண்டும் இரட்டிக்கவே இரட்டிக்காது, அதனால ழ்க்கு அப்புறம் ழ போட்டிருந்தீங்கன்னா அழிச்சுடுங்க. ஸ்கூல்ல மெய்ம்மயக்கம்னு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டு மறந்தோமே, அது இப்போதான் வேலைக்கு ஆகுது. அதே மாதிரி சொல்லுக்கு முதல்ல வர்ற எழுத்து நன்னூல் கணக்குல 22, கடைசியில வர்றது 24, அவ்வளவுதான். முதல் கட்டத்துல ட, ண, ற, ழ, ள மாதிரி வந்து விழுந்தா ஒண்ணு அது டாக்டர், டமாரம் மாதிரி சொல்லா இருக்கணும், இல்ல குறுக்கே போட்ட விடை தப்பு. கடைசி கட்டத்துல க், ச், ட், த், ப், ற் நின்னாலும் அதே சந்தேகம் வரணும். ஆய்த எழுத்து கிடைச்சா அன்னைக்கு உங்களுக்கு யோகம், எஃகு, அஃறிணைன்னு நாலஞ்சுக்கு மேல யோசிக்கவே வேண்டாம்.

புதிருக்கு வருவோம். அஞ்சு கட்டம், "ஊர்வலம் போய் தெரிவிப்பது". ரெண்டாவது கட்டத்துல உண்மைங்கற சொல்லோட ண் கிடைச்சிருக்கு, கடைசியில ம் இருக்கு. ண்க்கு அப்புறம் அதிகமா வர்றது ட, இல்ல ண (நண்பன், உண்மை மாதிரியும் வரும், அதை ரெண்டாவதா பார்த்துக்கலாம்). ட போட்டா மண்டபம், மண்டலம், கண்டனம், மூணும் கட்டத்துல உக்காருது. ஊர்வலம் போய் மண்டபத்தைத் தெரிவிக்க முடியாது, கண்டனம்தான்.

இப்போ நிறுத்துங்க, அடுத்த குறிப்புக்கு ஓடாதீங்க. கால்குலேட்டர், கண்டனம், ரெண்டுக்கும் அர்த்தத்துல ஒரு சம்பந்தமும் இல்ல. அர்த்தத்துல சம்பந்தம் இல்லைன்னா எழுத்துல இருக்கணும், அதுதான் தீம் பிடிக்கற முதல் விதி. முதல் ரெண்டு எழுத்தை மட்டும் படிங்க. கால். கண். தலைப்பு முழு உடல் பரிசோதனை. முடிஞ்சுது!

இனிமே தீம் உங்களுக்கு வேலை செய்யும். ரெண்டே கட்டத்துல ஒரு தீம் விடை இருக்குன்னா, ஒரே எழுத்துல இருக்கற உறுப்பு வேணும், கை, இல்ல நா. இங்க அது கைதி. நாலு கட்டத்துல வின்னு முடியற ஒண்ணு இருக்கு, கண், பல், வாய், தலைன்னு ஒவ்வொண்ணா முன்னாடி ஒட்டிப் பாருங்க, பல்லுல நிக்கும், பல்லவி. குறிப்பை அதுக்கப்புறம் படிச்சாலே போதும், "சரணத்துக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும்". மூணு கட்டத்துல நடுவுல ய் இருக்கறது வாய்தா. கடைசியா "புடவையிலும் உண்டு, பத்திரிகையிலும் உண்டு (4)", தலைப்பு. எல்லாத்துக்கும் தலையில ஒரு உறுப்பு ஒளிஞ்சிருக்கு, அந்த உறுப்புக்கும் சொல்லோட அர்த்தத்துக்கும் சம்பந்தம் இல்ல, நல்ல தீம்னா அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கறேன், கண்ணாடி, கால்பந்துன்னு போட்டா அதுல என்ன சாமர்த்தியம். தலைப்புல மட்டும் கொஞ்சம் சலுகை எடுத்துக்கிட்டேன், அது தலைக்கு சொந்தக்கார சொல்லுதான்.

எல்லா தீமும் இப்படி எழுத்துக்குள்ள ஒளியாது. சிலது நேரடியா ஒரே கூட்டம், காவிரி, வைகை, பாலாறு, பவானி, அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நடுவுல ஒரு வகை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, கூட்டம் ஒண்ணுதான் ஆனா குறிப்பு அதைக் காட்டிக் குடுக்காது. "ஊசி நூலை எடுத்துச் செய் (1)", தை. "முகம் பார்க்கலாம் (2)", ஆடி. "இலங்கையில் சம்பலுக்குப் போடும் கருவாடு (2)", மாசி. மூணு விடை வந்தப்புறம்தான் தமிழ் மாசம்னு உறைக்கும், அதுக்கப்புறம் மிச்ச ஒன்பதுல எது பொருந்தும்னு தேடறது சுகம்.

சங்கேதக் குறிப்புன்னா பயப்படறவங்க நிறைய. பயப்பட ஒண்ணுமே இல்ல, அதுல ரெண்டு பாகம், ஒண்ணு விடையோட நேர் அர்த்தம், இன்னொண்ணு எழுத்தை வச்சு விடையைக் கட்டற வழி. நேர் அர்த்தம் குறிப்போட ஆரம்பத்துல இருக்கும், இல்லன்னா கடைசியில இருக்கும், நடுவுல இருக்காது. அந்த கைதியோட குறிப்பு இதுதான்: "திரும்பித் திகை, கம்பிக்குள் இருப்பவனே (2)". படிச்சா ஜெயில்ல ஒருத்தன் திகைச்சு நிக்கற மாதிரி படம் வரும், அந்தப் படத்தை அழிச்சுடுங்க, அது உங்களை ஏமாத்தறதுக்குத்தான். திகைங்கற ரெண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டா கைதி. வாய்தாவுக்கு "வாய் தாகத்தில் மறைத்தது, கேஸைத் தள்ளிப்போடும் (3)", இங்க மறைத்ததுங்கறதுதான் ஜாடை, முதல் ரெண்டு சொல்லையும் ஒட்டிப் படிச்சா விடை உள்ளயே உக்காந்திருக்கு. இந்த ஜாடைச் சொல் பழகிட்டாப் போதும். கலங்கி, குழம்பி, சிதறின்னா எழுத்தைக் கலைச்சுப் போடணும், எதிர்த்து, பின்னோக்கின்னா திருப்பணும், உள்ளே, நடுவேன்னா எங்கயோ புதைஞ்சிருக்கு, தலை போனான்னு வந்தா முதல் எழுத்தை வெட்டணும், குதிரை தலை போனா திரை, அதுக்கு அர்த்தம் சினிமான்னு குடுத்திருப்பாங்க.

நம்ம பத்திரிகைப் புதிர்கள்ல இன்னொரு விஷயம், சிலதுல வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னு நாலு திசையிலும் விடை வரும். அங்க எழுதறப்போ தலைகீழா எழுதிட்டு பக்கத்துல சின்ன அம்புக்குறி போட்டுக்குங்க, இல்லன்னா மெய்ம்மயக்க கணக்கெல்லாம் பின்னாலேர்ந்து பார்க்கறப்போ குழம்பும். விகடகவி மட்டும் எந்தப் பக்கமும் சமாளிக்கும்.

மாட்டிக்கிட்டீங்கன்னா பழைய சொல்லைத் தேடுங்க. ஆ பசு, கோ அரசன், பா பாட்டு, வேய் மூங்கில், பிடி பெண் யானை, ஆழி கடலும் ஆகும் சக்கரமும் ஆகும் மோதிரமும் ஆகும், சின்ன கட்டத்தை நிரப்ப கட்டறவங்க இதைத்தான் திரும்பத் திரும்பத் தூக்கிட்டு வருவாங்க. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் இணையத்துல தேடற மாதிரி இருக்கு, அதைப் பார்க்கறது காப்பி அடிக்கறது இல்ல, கட்டறவரும் அதைத்தான் பார்த்துக் கட்டியிருப்பார்.

சரி, போட்டு முடிச்சாச்சு, இப்போ வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் "இது எப்படி வந்துச்சு?"ன்னு கேக்கறார். "விடை கைதி"ன்னு சொல்றது விளக்கம் இல்ல, அது அவருக்கே தெரியும். முதல்ல நேர் அர்த்தம் எந்தப் பகுதின்னு பிரிச்சுக் காட்டுங்க, அப்புறம் ஜாடைச் சொல் எது, அது எந்த எழுத்து மேல வேலை செய்யுது, கடைசியில விடை. "கம்பிக்குள் இருப்பவன் = அர்த்தம்; திரும்பி = ஜாடை; திகை திரும்பினா கைதி", ஒரே வரி, போதும். குறிப்புல இருக்கற ஒவ்வொரு சொல்லுக்கும் உங்க விளக்கத்துல ஒரு வேலை இருக்கணும், ஒரு சொல் அந்தரத்துல நின்னா ஒண்ணு குறிப்பு சரியில்ல, இல்ல விடை வேற, அப்பவே போய் குறுக்கே வெட்டற எழுத்தை மறுபடி பாருங்க. தீம் என்னங்கறதை மட்டும் முதல்லயே போட்டு உடைச்சுடாதீங்க, அன்னைக்கு சாயங்காலம்தான் புதிரைத் திறக்கப் போற ஆளும் அந்த குரூப்புல இருப்பார். காலையில துணைக்குறிப்பு மட்டும் ("முதல் எழுத்துகளை மட்டும் படிங்க" அளவுக்கு), விளக்கம் ராத்திரி.

ரெண்டு விடை பொருந்தற இடத்தையும் மறைக்காம சொல்லணும். 1996 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் அன்னைக்கு நியூயார்க் டைம்ஸ்ல ஜெரமையா ஃபேரல்ங்கற கணக்கு புரொபசர் கட்டின புதிர் வந்துச்சு. நாளைக்கு பேப்பர்ல வரப்போற தலைப்புச் செய்தி என்னன்னு குறிப்பு. கிளின்டன் ஜெயிச்சார்னும் போடலாம், பாப் டோல் ஜெயிச்சார்னும் போடலாம், இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும் ஏழேழு எழுத்து. குறுக்கே வெட்டற ஏழு குறிப்பும் ரெண்டுக்கும் சரியா வர்ற மாதிரி செதுக்கியிருந்தார், ஹாலோவீனுக்கு வர்ற கறுப்பு மிருகம்னு ஒண்ணு, சி போட்டா பூனை, பி போட்டா வௌவால். எண்ணி முடிக்கறதுக்கு முன்னாடியே ஜெயிச்சவர் பேரை எப்படி போடலாம்னு கோபப்பட்டவங்க எல்லாம் ஒரு விடையை மட்டும் பார்த்தவங்க. நம்ம குரூப்புலயும் மண்டபமா மண்டலமான்னு சண்டை வந்தா, ரெண்டையும் எழுதி, எந்த குறுக்கு எழுத்து எதைத் தள்ளுதுன்னு காட்டுங்க, எதுவுமே தள்ளலைன்னா ரெண்டுக்கும் மார்க் குடுத்துட்டு கட்டினவரைக் கேளுங்க.