அமெரிக்கப் பிரசங்கத்தில் அரசியல் மொழியை இனங்காண்பது எப்படி?

பெரம்பூர், வியாசர்பாடி, தாம்பரம் என்று சென்னையில் எந்தப் பகுதிச் சபையின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டாலும், அதிகாலை வாக்குத்தத்த வசனத்துக்கும் உபவாசக் கூட்ட அறிவிப்புக்கும் நடுவே அமெரிக்கப் பிரசங்கியார் ஒருவரின் காணொளி வந்து சேருவது வழக்கமாகிவிட்டது. அதில் சுவிசேஷம் எதுவரை, தீவிர வலதுசாரி அரசியல் எங்கிருந்து என்று பிரித்தறிவது எளிதல்ல. இரண்டும் ஒரே வேதாகமச் சொற்களைத்தான் பேசுகின்றன. ஆனால் பழகினால் பிரித்தறியலாம், பழகியே ஆக வேண்டும்.

முதலில், எதிரியாகக் காட்டப்படுவது யார் என்று கவனியுங்கள். ‘ஆவிக்குரிய யுத்தம்’ நம் சபைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. அதற்கு ஆதாரமான எபேசியர் 6:12, நம் போராட்டம் ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’ என்றே தொடங்குகிறது. அந்த வசனத்தை வாசித்த கையோடு, குடியேறிகளையோ இஸ்லாமியரையோ எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவர்களையோ இருளின் சேனை என்று ஒருவர் சொன்னால், வசனம் மறுப்பதையே அவர் போதிக்கிறார். தேர்தல் ஒருமுறை யுத்தமாகிவிட்டால், தோல்வியை ஏற்பது விசுவாசத் துரோகமாகிவிடும். 2021 ஜனவரி 6 அன்று, அதிபர் டிரம்பின் தேர்தல் தோல்வியை ஏற்க மறுத்து அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தை முற்றுகையிட்ட கூட்டத்தில் சிலுவைகளும் இயேசுவின் பெயர் தாங்கிய பதாகைகளும் இருந்தன. செனட் அவைக்குள் புகுந்தவர்கள் இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கவும் செய்தார்கள்.

அடுத்து, வேதாகம மனிதர் ஒருவரை இன்றைய தலைவருக்கு ஒப்பிட்டால், அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். 2016இல் லான்ஸ் வால்நாவ் என்ற பிரசங்கியார் டொனால்ட் டிரம்பை ஏசாயா 45இல் வரும் பாரசீகத்தின் கோரேசு ராஜாவுக்கு ஒப்பிட்டார்; அதிகாரமும் 45, வரப்போகும் அதிபரும் 45ஆவது என்பது அவர் காட்டிய பொருத்தம். கோரேசு கர்த்தரை அறியாதவனாயிருந்தும் அவரால் அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்று அதே அதிகாரம் சொல்வதால், தலைவரின் நடத்தையைப் பற்றிய எந்தக் கேள்வியையும் இந்த ஒப்புமை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. ஆனால் 13ஆம் வசனம்வரை படித்தால், சிறைப்பட்டுப்போனவர்களைக் ‘கிரயமில்லாமலும் பரிதானமில்லாமலும்’ விடுதலையாக்குவதே கோரேசின் பணி என்று தெரியும். தலைவரை அந்த அளவுகோலால் அளக்காமல், ‘அபிஷேகம்’ என்ற பட்டத்தை மட்டும் எடுத்துச் சூட்டினால் அது வேத விளக்கம் ஆகாது, தேர்தல் பிரசாரம்தான்.

மூன்றாவது சோதனையைச் சென்னையில் இருக்கும் நம்மால் மற்றவர்களைவிடக் கூர்மையாகச் செய்ய முடியும். ‘அமெரிக்கா கிறிஸ்தவ நாடு, இதை நாம் மீட்டெடுக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தில் சமயத்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் மாற்றிப் படியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6.12 சதவீதம். நாடு பெரும்பான்மைச் சமயத்துக்கே உரியது என்ற பேச்சு இங்கே யார்மேல் வந்து விழும் என்பது வீட்டு ஜெபக்கூட்டத்தின்மேல் கல்லெறி விழுந்த எந்தச் சபைக்கும் தெரியும். நம்மைச் சுடும் அதே வாக்கியத்துக்கு, அங்கே சொல்லப்பட்டால் ‘ஆமென்’ சொல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அமெரிக்க எவாஞ்சலிக்கர் (சுவிசேஷத்தையும் மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) எல்லோரும் இப்படிப் பேசுபவர்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பிரசங்கியார் தொடங்கிய ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பு வெள்ளை எவாஞ்சலிக்கரைக் குடியரசுக் கட்சியோடு நெருக்கமாகப் பிணைத்தது உண்மை. அதே மரபில் சுவிசேஷகர் பில்லி கிரகாம் தொடங்கிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ்தான் 2019 டிசம்பரில் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று தலையங்கம் எழுதியது என்பதும் உண்மை.

காணொளியை அனுப்பியவர் பெரும்பாலும் சபையின் மூப்பராகவோ, உங்களை ஞாயிறு பள்ளியில் வளர்த்த அம்மாவாகவோ இருப்பார். அவரைக் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் மறுக்காதீர்கள். தனியாக அழைத்து, “ஐயா, ஸ்தோத்திரம். அந்த ஏசாயா 45ஐ 13ஆம் வசனம்வரை சேர்ந்து வாசிக்கலாமா?” என்று கேளுங்கள். உபவாச ஜெபத்தில் தேசத்துக்கான குறிப்பை வாசிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2:1, 2 வசனங்களின்படியே குறிப்பை எழுதுங்கள். எந்தக் கட்சியின் வெற்றியையும் அதில் சேர்க்காதீர்கள்.