கிச்சன் சிங்க் அடில டிஸ்போஸல் நாமளே மாட்டறது எப்படி? பாதி வேலய தரைலயே முடிச்சிடுங்க

அமெரிக்கால வீடு வாங்கின நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கற கேள்வி இது. கிச்சன் சிங்க்ல இருக்கற டிஸ்போஸல், அதான் சாப்பாட்டு மிச்சத்த அரைச்சு தண்ணியோட டிரெயின்ல அனுப்பற மெஷின், ஓடி ஓடி தேஞ்சு போச்சு, அடில தண்ணி ஒழுகுது, பிளம்பர கூப்பிட்டா மெஷின் வெலய விட கூலி அதிகமா சொல்றாரு, நாமளே மாட்டிடலாமான்னு. தாராளமா மாட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க தெரிஞ்சு, சிங்க் அடில கொஞ்ச நேரம் மல்லாக்க படுக்க முடிஞ்சா போதும், ஒரு சனிக்கிழம மதியம் போதும் இதுக்கு. ஆனா வரிசை ரொம்ப முக்கியம். கரண்ட் வயர் இணைக்கறது, டிஷ்வாஷர் ஹோஸ் மாட்டற குழால இருக்கற அடைப்ப தட்டி எடுக்கறது, இதெல்லாம் மெஷின் உங்க கண்ணு முன்னாடி தரைல இருக்கும்போதே முடிச்சிடணும், மேல தூக்கி மாட்டினப்புறம் இருட்டுல தலைக்கு மேல கைய தூக்கிக்கிட்டு செய்ற வேல எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. நெறய பேர் பாதில விட்டுட்டு பிளம்பர கூப்பிடறதுக்கு காரணமே இந்த வரிசை மாறிப்போறதுதான்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் பாத்துக்கங்க. உங்களது வாடகை அபார்ட்மென்ட்டா இருந்தா ஓனரயோ மேனேஜ்மென்ட்டயோ கேக்காம கை வைக்காதீங்க. சில பழைய கட்டடங்கள்ல இன்னைக்கும் இத அனுமதிக்க மாட்டாங்க, நியூயார்க் சிட்டில பெரும்பாலான இடத்துல 1997 வரைக்கும் இதுக்கு தடையே இருந்துச்சு. ஊருக்கு வெளில தனி வீடு, செப்டிக் டேங்க் இருக்குன்னா இன்னும் யோசிக்கணும், அரைபட்டு போறது எல்லாம் டேங்க்லதான் சேரும், அடிக்கடி டேங்க் காலி பண்ண வேண்டி வரும். என்ன கேட்டா செப்டிக் இருக்கற வீட்டுக்கு கம்போஸ்ட் டப்பாவே மேல்.

மோட்டார் பவர் மூணுல ஒரு பங்கு எச்பில ஆரம்பிச்சு ஒரு எச்பி வரைக்கும் வருது. தினமும் வீட்ல சமைக்கற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு முக்கால் எச்பி வாங்கறது நல்லது, அரை எச்பி ஓடும், ஆனா சத்தமும் அடைப்பும் கூடுதலா இருக்கும். எச்பிய விட முக்கியமா நான் பாக்கறது உள்ள அரைக்கற பாகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இல்ல துத்தநாகம் பூசின கால்வனைஸ்டு ஸ்டீலாங்கறதுதான். விலை கம்மியா இருக்கற மாடல்கள்ல பெரும்பாலும் கால்வனைஸ்டு, அது நாளாவட்டத்துல துரு பிடிக்கும், தினமும் ரசமும் புளிக்கொழம்பும் கழுவி ஊத்தற சிங்க்ல அது சீக்கிரமாவே தெரியும். கொஞ்சம் கூட குடுத்தாலும் ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்க.

அப்புறம் டேப் எடுத்து அளந்து பாருங்க. பெரிய எச்பி மெஷின் உயரமும் ஜாஸ்தி, சிங்க்கும் ஆழமான மாடலா இருந்தா மெஷினோட தண்ணி வெளிவர்ற வாய் சுவத்துல இருக்கற டிரெயின் பைப்ப விட கீழ போயிடும், அப்போ தண்ணி முழுசா வடியாது, மெஷினுக்குள்ளயே நின்னு நாறும். சுவத்து பைப் எப்பவும் மெஷின் வாய விட தாழ்வாதான் இருக்கணும். இது சரியா வரலன்னா மெஷின் சின்னதா வாங்கணும், இல்லன்னா சுவத்துக்குள்ள பைப்ப எறக்கணும், ரெண்டாவது பிளம்பர் வேல.

பழைய டிஸ்போஸல் எந்த கம்பெனியோ அதே கம்பெனில புதுசு வாங்கினா பெரும்பாலும் மெஷின தாங்கறதுக்கு சிங்க்ல மாட்டியிருக்கற வளைய செட், அதாவது மவுன்ட், அப்படியே பொருந்திடும். மேல ஒழுகல், துரு இல்லன்னா அத கழட்டவே வேணாம், பழச எறக்கி புதுச ஏத்திடலாம், வேல பாதியா கொறஞ்சிடும். இதுவரைக்கும் டிஸ்போஸலே இல்லாத சிங்க்னா அடில ஸ்விட்சோட ஒரு பிளக் பாயின்ட் வேணும், அது இல்லன்னா புது லைன் இழுக்கறத எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க, அந்த வேலைக்கு ஊர பொறுத்து பர்மிட்டும் தேவைப்படும்.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல பிரேக்கர ஆஃப் பண்ணுங்க. பேனல்ல ஒட்டியிருக்கற லேபிள மட்டும் நம்பாதீங்க, முன்னாடி இருந்தவங்க எழுதினது பல வீட்ல தப்பாதான் இருக்கும். சுவத்து ஸ்விட்ச தட்டி மெஷின் ஓடலங்கறத பாருங்க, அப்புறம் வயர்ல வோல்ட்டேஜ் டெஸ்டர் வச்சு பாருங்க, டெஸ்டர் சாகாம வேல செய்யுதான்னு கரண்ட் இருக்கற வேற ஒரு பிளக்ல வச்சு ஒருதடவ செக் பண்ணிக்கங்க. 120 வோல்ட் தானேன்னு அலட்சியம் வேணாம், ஈரமான எடத்துல படுத்துக்கிட்டு செய்ற வேல இது.

அடில ஒரு பக்கெட் வச்சுட்டு, யு மாதிரி வளஞ்சு இருக்கற பி ட்ராப்ப கழட்டுங்க, அதுல நிக்கற தண்ணி கொட்டும், வாசனையும் வரும். டிஷ்வாஷர் ஹோஸ் கிளாம்ப்ப லூஸ் பண்ணி எடுங்க. அப்புறம் மெஷினுக்கு அடில பழைய பெயின்ட் டப்பாவோ கனமான புக்கோ அடுக்கி முட்டு குடுத்துட்டு, மெஷின் தலைல இருக்கற சுத்தற ரிங்கோட காதுல ஸ்க்ரூ டிரைவர விட்டு திருப்புங்க, லூஸ் ஆகி அப்படியே முட்டு மேல உக்காரும். முட்டு இல்லாம கழட்டினா மொத்த வெயிட்டும் திடீர்னு உங்க கைக்கோ நெஞ்சு மேலயோ வரும், இத மட்டும் ஷார்ட் கட் பண்ணாதீங்க. நேரடியா வயர் இணைச்சிருந்தா அடித்தட்ட கழட்டி வயர் நட்ட (வயர் மொனைங்கள சேத்து திருகற பிளாஸ்டிக் மூடி) பிரிச்சு, பச்ச வயர ஸ்க்ரூலேர்ந்து கழட்டி விடுங்க.

மவுன்ட்டும் மாத்தணும்னா சிங்க் ஓட்டைல உக்காந்திருக்கற பழைய உலோக வளையம், அதாவது ஃபிளாஞ்ச எடுத்துட்டு, தண்ணி ஒழுகாம இருக்க சுத்தி வச்சிருக்கற களிமண் மாதிரி பழைய புட்டிய பிளாஸ்டிக் கத்தியால சொரண்டி, ஈரம் இல்லாம தொடச்சு எடுங்க. ஒழுகல் வர்ற பாதி வீட்ல காரணம் இந்த எடத்துல அவசரப்பட்டதுதான், துளி பழைய புட்டி இருந்தாலும் புதுசு சரியா ஒட்டாது. புது பிளம்பர் புட்டிய கைல உருட்டி சுண்டு விரல் கனத்துக்கு கயிறா திரிச்சு ஃபிளாஞ்ச் ஓரத்துக்கு அடில சுத்தி வச்சு, சிங்க் ஓட்டைல நேரா எறக்கி அழுத்துங்க. அழுத்தினப்புறம் திருப்பாதீங்க. உங்க சிங்க் கிரானைட் கலவைலயோ வேற கல்லுலயோ ஆனதுன்னா புட்டி போடவே கூடாது, அதுல இருக்கற எண்ணெய் கல்லுல எறங்கி கறையா நிக்கும், சிலிகான் போடுங்க, டியூப்ல எழுதியிருக்கற நேரம் வரைக்கும் காய விடுங்க.

ஃபிளாஞ்ச் மேல ஒரு டவல போட்டு புது மெஷின தூக்கி வச்சா அதோட வெயிட்டுல அது ஆடாம இருக்கும். இப்போ கீழ போங்க. மொதல்ல ஃபைபர் கேஸ்கெட் (ஒழுகாம தடுக்கற தட்டை வளையம்), அடுத்து தட்டையான பக்கம் மேல பாத்த மாதிரி பேக்கப் ரிங், அப்புறம் மூணு ஸ்க்ரூ இருக்கற மவுன்டிங் ரிங். அந்த மூணு ஸ்க்ரூவையும் முன்னாடியே நல்லா லூஸ் பண்ணி வச்சுக்கங்க, அப்போதான் எல்லாத்தயும் மேல தள்ளி பிடிச்சுக்கிட்டு கடைசியா வர்ற ஸ்னாப் ரிங்க (ஒரு எடத்துல வெட்டு விட்ட கம்பி வளையம்) ஃபிளாஞ்ச்ல இருக்கற காடிக்குள்ள நொழைக்க எடம் கெடைக்கும். இந்த மொத்த வேலைலயும் பொறும சோதிக்கற எடம் இந்த ஸ்னாப் ரிங்தான். ஒரே தடவ முழுசா தள்ள பாக்காதீங்க, ஒரு மொனைய காடில விட்டு கட்டை விரலால பிடிச்சுக்கிட்டு, மறுபக்கத்த தட்டை ஸ்க்ரூ டிரைவரால கொஞ்சம் கொஞ்சமா நெம்பிக்கிட்டே வாங்க, டக்குனு ஒரு சத்தத்தோட உக்காரும். மேல ஒரு ஆள் ஃபிளாஞ்ச அழுத்தி பிடிச்சா இன்னும் சுலபம். அப்புறம் மூணு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ஒண்ண முழுசா டைட் பண்ணிட்டு அடுத்ததுக்கு போனா ஃபிளாஞ்ச் சாயும். சிங்க் ஓரத்துல சுத்தி சமமா புட்டி பிதுங்கினா சரியா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம், பிதுங்கினத தொடச்சு எடுத்துடுங்க.

இப்போ மெஷின கீழ எறக்கி தரைல கவுத்து வச்சு, அடித்தட்ட கழட்டுங்க. பிளக் வச்ச கார்டு பெரும்பாலும் தனியா விக்கறாங்க, வாங்கறப்பவே பாத்து வாங்கிடுங்க. கார்ட ஸ்ட்ரெயின் ரிலீஃப் (இழுத்தா வயர் கழண்டு வராம பிடிச்சுக்கற கிளிப்) வழியா உள்ள விட்டு கறுப்பு கறுப்போட, வெள்ள வெள்ளயோட, பச்சய மெஷினோட பச்ச ஸ்க்ரூல. வயர் நட்ட திருகினப்புறம் ஒவ்வொரு வயரயும் இழுத்து பாருங்க, கழண்டு வந்தா திரும்ப போடுங்க. அந்த பச்ச எர்த் வயர எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க, மெஷினோட வெளி உடம்பு உலோகம், உள்ள எந்நேரமும் தண்ணி.

அடுத்தது டிஷ்வாஷர் அடைப்பு. மெஷின் பக்கவாட்டுல சின்ன குழா ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அதுக்குள்ள ஒரு அடைப்போடதான் கம்பெனிலேர்ந்து வருது. உங்ககிட்ட டிஷ்வாஷர் இருந்து அந்த ஹோஸ் இதுலதான் சேரணும்னா, ஸ்க்ரூ டிரைவர உள்ள விட்டு சுத்தியால தட்டினா அது உடஞ்சு உள்ள விழும், மெஷின கவுத்து குலுக்கி அந்த துண்ட மறக்காம வெளில எடுத்துடுங்க. இத தட்டாம மாட்டினா டிஷ்வாஷர் தண்ணி வெளில போக வழியில்லாம மொதல் வாஷ்லயே உள்ள தேங்கி நிக்கும், நெறய பேர் டிஷ்வாஷர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அதுக்கு ஆள் கூப்பிடறாங்க. டிஷ்வாஷர் இல்லாதவங்க அத தொடவே கூடாது, தட்டிட்டீங்கன்னா அந்த ஓட்டை வழியா தண்ணி கேபினெட்டுக்குள்ள வரும்.

இனிமே தூக்கறது. முட்டு டப்பாவ அடில நகத்தி அதுமேல மெஷின வச்சு, மெஷின் தலைல இருக்கற சுத்தற ரிங்கோட மூணு காதும் மேல மாட்டின மவுன்டிங் ரிங்கோட மூணு சரிவும் நேரா வர்ற மாதிரி தூக்கி, மிக்ஸி ஜார மாட்டி திருப்பற மாதிரி அந்த சுத்தற ரிங்க திருப்பினா பிடிச்சுக்கும். முழுசா லாக் ஆக பெட்டியோட வர்ற சின்ன கம்பிய காதுல விட்டு திருப்புங்க. மூணு காதும் சரிவோட முடிவுல இருக்கற மேட்ட தாண்டி போய் நிக்குதான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டுதான் கைய விடணும்.

மெஷின் வாய்ல வளஞ்ச எல்போ பைப்ப ரப்பர் கேஸ்கெட்டோட மாட்டி, பி ட்ராப்போட சேருங்க. பைப் நீளமா இருந்தா அறுத்துக்கலாம், இழுத்து வளச்சு பொருத்தாதீங்க, ஓடும்போது வர்ற அதிர்வுல அந்த ஜாயின்ட்தான் மொதல்ல விடும். ரெண்டு பைப்ப சேத்து திருகற ஸ்லிப் நட்டுக்குள்ள போற வாஷரோட சரிவான பக்கம் நட்ட பாக்காம, உள்ள போற ஜாயின்ட்ட பாத்து இருக்கணும். கையால டைட் பண்ணி, அப்புறம் ரெஞ்ச்ல கால் பங்கு சுத்து, அவ்ளோதான், இங்க டெஃப்லான் டேப் வேணாம். டிஷ்வாஷர் ஹோஸ்ஸ கிளாம்ப் போட்டு மாட்டுறப்போ நேரா கீழேர்ந்து கொண்டு வராதீங்க, கவுன்டர் டாப்போட அடிப்பக்கம் வரைக்கும் மேல ஏத்தி வளச்சு கட்டி அப்புறம் எறக்குங்க, இல்லன்னா சிங்க் அழுக்கு தண்ணி டிஷ்வாஷருக்குள்ள திரும்பி போகும். கலிஃபோர்னியா மாதிரி சில எடங்கள்ல சிங்க் மேல தனியா ஏர் கேப் (அழுக்கு தண்ணி திரும்பி போகாம காத்து இடைவெளி விடற சின்ன குழா) வச்சே ஆகணும்.

பிரேக்கர போடறதுக்கு முன்னாடி தண்ணி டெஸ்ட். சிங்க்க அடச்சு முக்கா வாசி நெரப்புங்க, கீழ காஞ்ச டிஷ்யூ பேப்பரால ஃபிளாஞ்ச சுத்தி ஒத்தி எடுங்க, கண்ணுக்கு தெரியாத ஈரம் கூட பேப்பர்ல தெரியும். அப்புறம் அடைப்ப எடுத்து மொத்த தண்ணியும் ஒரே நேரத்துல எறங்கும்போது ஒவ்வொரு ஜாயின்ட்டா ஒத்தி பாருங்க. எல்லாம் காஞ்சிருந்தா பிரேக்கர போட்டு, குழாய்ல பச்சத்தண்ணிய தொறந்து விட்டு, ஸ்விட்ச போடுங்க.

மாட்டினா மட்டும் போதாது, நம்ம சமையலுக்கு இத எப்படி ஓட்டறதுன்னும் தெரிஞ்சுக்கணும். உள்ள பிளேடு கெடையாது. சுத்தற தட்டுல ரெண்டு உலோக நாக்கு இருக்கும், அது சாப்பாட்ட ஓரத்துல இருக்கற வளையத்துல அடிச்சு தேச்சு பொடியாக்குது, 1927ல விஸ்கான்சின் மாநிலம் ரசீன்ல ஜான் ஹேம்ஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் இத உருவாக்கினதுலேர்ந்து அடிப்படை அதேதான். வெட்டற வேலையே இல்லாததால நார் பொருள்தான் இதுக்கு எதிரி. முருங்கக்கா சக்கை, வாழப்பூ நரம்பு, கறிவேப்பில காம்பு, புளி சக்கை, தேங்கா நார், வெங்காயத்தோல், இதெல்லாம் நேரா குப்பைக்குதான். ஆட்டு எலும்பு வேணாம். மிச்ச சோத்த ஒரே தடவ கொட்டினா ட்ராப்ல போய் ஊறி கெட்டியா அடச்சுக்கும், தட்டுல ஒட்டினது போகட்டும், பானைல மிச்சம் போகக்கூடாது. எண்ணெய், நெய் ஊத்தவே கூடாது, பைப்ல உறஞ்சிடும். அரைச்சு முடிஞ்சதும் ஒரு அர நிமிஷமாவது தண்ணிய விட்டு வைங்க.

என்னைக்காவது ம்ம்ம்னு முனகிட்டு சுத்தலன்னா உடனே ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, பிளக்க புடுங்குங்க. உள்ள கைய விடாதீங்க, டார்ச் அடிச்சு பாத்து இடுக்கியால எடுங்க, பெரும்பாலும் ஒரு ஸ்பூனோ புளியங்கொட்டையோதான் மாட்டியிருக்கும். நெறய மாடல்ல மெஷின் அடில நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், கால் இன்ச் ஆலன் கீ விட்டு முன்னும் பின்னும் ஆட்டினா தட்டு விடுபடும். கொஞ்சம் ஆற விட்டு, அடில இருக்கற செகப்பு ரீசெட் பட்டன அமுக்கி, தண்ணிய தொறந்துட்டு ஸ்விட்ச போடுங்க.