பாலக்-ஆர்டிசோக் சீஸ் டிப்: தண்ணீர் விடாமல், எண்ணெய் பிரியாமல்

அமெரிக்காவில் சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப்போட்டி) ஆட்டம் பார்க்கக் கூட்டம் சேரும் வீடுகளில் ஓவனிலிருந்து நேரே மேசைக்கு வரும், சிப்ஸோ ரொட்டியோ தொட்டுச் சாப்பிடும் பண்டம் இந்த டிப். செய்வது எளிது. கெட்டால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: கீரையின் ஈரம் அடியில் குளம் கட்டியிருக்கும், அல்லது சூடு மிஞ்சி மேலே எண்ணெய் மிதக்கும்.

எட்டிலிருந்து பத்துப் பேருக்கு கிரீம் சீஸ் 225 கிராம், சவர் கிரீம் 120 கிராம், மயோனைஸ் 60 கிராம், மொசரெல்லா 120 கிராம், பார்மசான் 50 கிராம், ஃப்ரோசன் பாலக் 280 கிராம், 400 கிராம் ஆர்டிசோக் (முட்செடி வகை ஒன்றின் உண்ணக்கூடிய பூமொட்டு) டின் ஒன்று, துருவிய பூண்டு 3 பல், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். காரம் பிடித்தவர்கள் சில்லி ஃபிளேக்ஸ் கால் டீஸ்பூன் சேர்க்கலாம். உப்பை இப்போது தொடாதீர்கள். சீஸ், மயோனைஸ், டின் எல்லாவற்றிலும் உப்பு உண்டு. கலந்தபின் ருசி பார்த்துப் போட்டால் போதும்.

ஆர்டிசோக் உப்புநீரில் ஊறியதாக இருக்கட்டும். மசாலா எண்ணெயில் ஊறியதை வாங்கினால் அதன் வினிகர்ப் புளிப்பு சீஸை அமுக்கிவிடும். சவர் கிரீம் கிடைக்காவிட்டால் புளிக்காத கெட்டித்தயிர் 250 கிராமைத் துணியில் மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிந்த தயிரில் ஒரு டீஸ்பூன் சோளமாவு கலந்தே சேர்க்க வேண்டும். மாவில்லாத தயிர் சூட்டில் திரிந்து மணல்போல் ஆகும். மொசரெல்லாவுக்குப் பதில் பனீர் மட்டும் வேண்டாம். அமிலம் ஊற்றித் திரித்த பாலாடைக்கட்டி எவ்வளவு சூட்டிலும் உருகாது.

அதிகக் கவனம் கேட்பது கீரைதான். பனி விட்டபின் மெல்லிய துணியில் கட்டி, கைப்பிடி கைப்பிடியாக, சொட்டு நிற்கும்வரை முறுக்கிப் பிழியுங்கள். உதிர்த்தால் பிரிந்து விழ வேண்டும். புதுக்கீரை என்றால் ஆய்ந்தது 450 கிராம் எடுத்து, சட்டியில் வதக்கி, நன்றாக ஆறவிட்டுப் பிழியுங்கள். ஆர்டிசோக்கையும் வடித்து, உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து, பொடியாக நறுக்குங்கள்.

கிரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ச்சியோடு கலந்தால் வெள்ளைக் கட்டிகள் கடைசிவரை கரையாது. அதை முதலில் தனியாகக் குழைத்து, சவர் கிரீம், மயோனைஸ், பூண்டு, மிளகு, பாதி மொசரெல்லா, பாதி பார்மசான், கடைசியாகக் கீரையும் ஆர்டிசோக்கும் சேர்த்துக் கிளறுங்கள். மொசரெல்லாவைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது. பாக்கெட்டில் வரும் துருவல் ஒட்டாமலிருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள்; அது உருகினால் வழவழப்பு வராது.

20 செ.மீ. பீங்கான் பாத்திரத்தில் பரப்பி, மீதிச் சீஸைத் தூவி, முன்பே சூடேறிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். ஓரம் குமிழியிட்டால் ஆயிற்று. மேலே பொன்னிறம் வேண்டுமானால் மேல் கம்பிச் சூட்டில் இரண்டு நிமிடம், பக்கத்திலேயே நின்றபடி. இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று ஓவனிலேயே விட்டுவைத்தால் சீஸின் புரதம் இறுகி, பிடித்திருந்த கொழுப்பை வெளியே தள்ளிவிடும். லேசாகப் பிரிந்திருந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிளறினால் பெரும்பாலும் கூடிவரும். நாள்பட்ட செடார் சீக்கிரம் பிரியும். போட ஆசைப்பட்டால் 30 கிராமுக்கு மேல் வேண்டாம்.

முந்தைய நாளே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். சுடுவதற்கு அரைமணி முன் வெளியே எடுங்கள், ஜில்லென்ற பாத்திரம் சூட்டில் விரிசல் விடும். சுடும் நேரமும் பத்து நிமிடம் கூடும்.

ஓவனிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் ஆறினால் கெட்டிப்படும், நாக்கும் வேகாது. தொட்டுக்கொள்ள டோஸ்ட் செய்த பகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) துண்டு, டார்ட்டிலா சிப்ஸ், கேரட் குச்சி. மெல்லிய உருளைச் சிப்ஸ் இதன் கனம் தாங்காமல் உடையும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மீந்ததை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மைக்ரோவேவில் பாதிச் சக்தியில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, நடுப்பகுதி கொதிக்கும் சூடு வரும்வரை சூடாக்குங்கள்.