தனுஷ்கோடி இடிபாடுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க

1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நேரில் அட்டகாசமாகத் தெரியும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் மணல், பவளக்கல் சுவர், வெளிறிய வானம் மூன்றும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரிப்பதுதான் இங்கே வேலையே.

சுவருக்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும். வெயில் சுவரை உரசிப் போகும்போதுதான் பவளக்கல்லின் குழிகளிலும் வரிகளிலும் நிழல் விழும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே சுவர் புதிதாகப் பூசியதுபோல மொழுக்கென்று வரும். விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முக்கியமான படங்களை முடித்துவிடுங்கள். மாலை வெயிலை நம்ப வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மணலைப் பார்த்ததும் கேமரா மீட்டர் ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேமில் பாதிக்கு மேல் மணல் இருந்தால் எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். சுவருக்கு உள்ளே நின்று ஜன்னல் வழியாக வெளியே எடுப்பது வேறு கணக்கு. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. ட்ரைபாடில் வைத்து -2, 0, +2 ஸ்டாப் என மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

வானம் சூரியனுக்குப் பக்கவாட்டுத் திசையில், சற்று உயரத்தில்தான் நன்றாக நீலமாக இருக்கும். ஃபிலிமில் எடுத்தால், அந்த நீலத்தைக் கறுக்கவைக்க ஆரஞ்சு ஃபில்டர் போதும். கேமராவில் இல்லாத தனி கைமீட்டரில் அளந்தால் சுமார் 2 ஸ்டாப் கூட்டுங்கள். சிவப்புக்குச் சுமார் 3 ஸ்டாப். சிவப்பில் ஒரு வில்லங்கம் உண்டு: திறந்தவெளி நிழலுக்கு வெளிச்சம் தருவதே நீல வானம் என்பதால், வானத்தோடு நிழலும் கறுத்து அடைத்துவிடும். டிஜிட்டலில் கண்ணாடி ஃபில்டர் தேவையில்லை. RAW கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) எடுத்து, திரையில் மட்டும் மோனோக்ரோம் வைத்துக்கொண்டு, பிறகு கணினியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீல ஸ்லைடரை இறக்குங்கள். அளவு மீறினால் வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸும், சுவர் விளிம்பில் வெள்ளைக் கோடும் வரும். அடிவானத்தை ஒட்டிய வெளிறலை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது. அதைச் சுவராலேயே மறைத்துவிடுங்கள்.

வைட் லென்ஸை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். ஏற்கெனவே சாய்ந்திருக்கும் இடிபாட்டில் எது புயலின் வேலை, எது லென்ஸின் வேலை என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். கேமராவை மட்டமாக வைத்து, பின்னால் நகர்ந்து 35 மிமீயில் எடுங்கள். சுவர்மேல் ஏறுவது வேண்டவே வேண்டாம், கல் உதிரும்.

லென்ஸை மணல்காற்றில் மாற்றாதீர்கள். ட்ரைபாடின் அடிக்காலை முதலில் நீட்டினால் பூட்டுகள் மணலுக்கு மேலே நிற்கும். லென்ஸ் முகப்பில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கோடு விழும். முதலில் ஊதி மணலை நீக்கி, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் துடையுங்கள். ட்ரைபாட் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பூட்டு இறுகிப்போகும்.