தம்புள்ளையில் இறங்காமல் போகிறவர்களும், இறங்கியும் பார்க்காதவர்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் போகிற எவரும் தம்புள்ளையைத் தாண்டாமல் போக முடியாது. பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும். வான் பிடித்துப் போகிறவர்கள் குகை விகாரைக்கு ஏறி இறங்குவார்கள். மரக்கறிச் சந்தை லொறிகளைத் திட்டிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். ஊரை விட்டுக் கண்டலமப் பக்கம் திரும்பும் வீதியில் சில கிலோமீற்றர் தள்ளி, உலர்வலயக் காட்டு மரங்களுக்கென்றே ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் பொப்ஹாம் ஆர்பொரேட்டம். தெரிந்து போகிறவர்களிலும் பலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான்.

லண்டனிலிருந்து வந்திருந்த சித்தியின் மகனோடு ஓர் ஓகஸ்ட் மாதம் போனேன். காலையில் சிகிரியா, பிறகு சாப்பாடு, அதன்பின் மிச்ச நேரத்துக்கு இது. உள்ளே கால் வைக்கும்போது மணி ஒன்றரை. பத்து நிமிசம் நடந்ததும் அவன் கேட்டான்: "இதென்ன அண்ணை, எங்கட வளவுக்குப் பின்னால இருக்கிற பத்தை மாதிரியெல்லோ கிடக்கு?" எனக்கும் பதில் இருக்கவில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

அன்றைக்கு நாங்கள் செய்த பிழைகளை எண்ணினால் ஒரு கை விரல் போதாது.

முதலாவது, பேராதனையை மனதில் வைத்துக்கொண்டு போனது. தாவரவியல் பூங்கா என்றால் நமக்குப் புல்வெளி, பூப்பாத்தி, வரிசையாக நிற்கும் அரசப் பனை. இங்கே அதெல்லாம் கிடையாது. இது நட்டு வளர்த்த தோட்டம் அல்ல, வளர விட்ட காடு. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

கதை 1963இல் தொடங்குகிறது. சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டத்துரை இங்கே நிலம் வாங்கினார். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்து, பிறகு கைவிடப்பட்டு, முட்பற்றை மூடிக் கிடந்த நிலம். துரைக்கும் முதலில் நமக்கு வருகிற யோசனைதான் வந்தது: கன்றுகளைக் கொண்டுவந்து நடுவோம். நட்டார். பெரும்பாலானவை வறட்சியில் பட்டுப்போயின. அதற்குப் பிறகுதான் பற்றைக்குள் குனிந்து பார்த்தார். முள்ளுக்குக் கீழே வெளிச்சம் கிடைக்காமல் முதிரையும் பாலையும் வீரையும் தாமாகவே முளைத்துத் திணறிக்கொண்டிருந்தன. பற்றையை மட்டும் வெட்டி அகற்றி, காட்டு மரக்கன்றுகளைத் தொடாமல் விட்டார். மண்ணுக்குள் ஏற்கெனவே வேர் பிடித்திருந்தவை எழும்பின. 'பொப்ஹாம் முறை' என்று இன்று சொல்லப்படுவது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். இன்று இந்த இடத்தைப் பராமரிப்பது கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். துரைக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சின்ன வீடும் அங்கேயே நிற்கிறது.

இது தெரிந்த பிறகு, நடைபாதையில் சருகு கூட்டாமல் கிடக்கிறதே என்று முறைப்பாடு சொல்ல வாய் வராது. ஐப்பசி வாக்கில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டிப் புரட்டித்தான் இரை தேடும். சருகைக் கூட்டி எரித்தால் அது எங்கே போய்ப் பொறுக்கும்? விழுந்து உக்கும் கட்டைகளும் அப்படித்தான். அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். உக்கிய மரம் உடையும், கீழே புடையன் பாம்பு படுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த பிழை பருவத்தைப் பற்றியது. இதில்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கொழும்பில் வைகாசி, ஆனியில் மழை கொட்டும்போது "மழைக்காலம், காட்டுப் பக்கம் போகக்கூடாது" என்று முடிவு கட்டுவார்கள். அந்த மழை தென்மேல் பருவக்காற்றுடையது. மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தம்புள்ளைக்கு வந்து சேருவது வெறும் வரண்ட காற்று. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்கிறோமே, மட்டக்களப்பார் கச்சான் என்கிறார்களே, அதுதான். தம்புள்ளைக்குப் பெருமழை ஐப்பசியில் இடியோடு தொடங்கி, வாடைக்காற்றோடு மார்கழி வரை நீளும். ஆகவே கொழும்பு வானிலையைப் பார்த்துப் பயணநாள் குறிப்பது, அடுத்த வீட்டுச் சாதகத்தைப் பார்த்து நம் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற மாதிரி.

பள்ளி விடுமுறை என்பதால் புலம்பெயர்ந்தவர்களுக்கு ஆடி, ஆவணி மாதங்கள்தான் கிடைக்கும். வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் காடு என்ன நிலையில் இருக்கும் என்று தெரிந்து வர வேண்டும். முதிரை இலை மெலிந்திருக்கும். பாலையும் வீரையும் பச்சையாகவே நிற்கும்; உலர்வலயக் காடு முழுவதும் மொட்டையாகிவிடும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. மண் தூசியாகப் பறக்கும். விலங்குகள் விடியலிலும் அந்தியிலும்தான் அசையும். யானை பார்க்கும் ஆசையென்றால் மின்னேரியாவுக்குப் போங்கள். குளம் வற்றி ஓரத்தில் புல் முளைக்கும் அந்த வரட்சி மாதங்களில்தான் யானைகள் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து சேரும். பொப்ஹாமில் வந்து "யானை இருக்கோ?" என்று கேட்பது வழிகாட்டிகளுக்கு அலுத்துப்போன கேள்வியாக இருக்கும்.

என்னைக் கேட்டால் தை, மாசி. பெருமழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும். வலசை வந்த குருவிகள் திரும்பிப் போயிருக்காது. வெயிலும் கருணையாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் போனால் காளான் மணக்கும் காட்டைக் காணலாம், ஆனால் பாதை சேறாகிவிடும். சித்திரையில் சாய்ந்தரம் இடி இடிக்கும், காலையில் போய்விடுங்கள்.

வைகாசியிலிருந்து ஆடி வரை பாலைப்பழக் காலம். வன்னியில் பிறந்தவர்களுக்கு இதில் தனி மயக்கம் உண்டு. அம்மம்மா பனையோலைப் பெட்டி நிறையக் கொண்டு வருவா. தின்று தின்று உதடு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த நினைவில் கிளையை வளைக்கக் கை போகும். இங்கே அது கூடாது. கீழே விழுந்த பழத்தைக்கூட எடுக்க வேண்டாம். இந்தக் காடு எழும்பியதே விழுந்த விதையிலிருந்துதான்.

உண்ணி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வரட்சிக் காலத்தில் மிளகைவிடச் சின்ன உண்ணிகள் புல் நுனியில் காத்திருக்கும். செருப்போடும் அரைக் காற்சட்டையோடும் போகாதீர்கள். நீளக் காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் சொருகுங்கள். பார்க்க வடிவில்லைத்தான். கடித்துவிட்டால் நெருப்பால் சுடுவது, மண்ணெண்ணெய் பூசுவது என்று ஊர் வைத்தியம் எதுவும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். காதுக்குள் போய்விட்டதென்றால் தோண்டாமல் வைத்தியரிடம் போங்கள்.

கடைசியாக இரவு. இந்த இடத்தின் பெயர் தெரிந்தவர்களில் பலர் தேவாங்குக்காகத்தான் வருகிறார்கள். முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யாமல் இருட்டினபின் வாசலில் போய் நின்றால் நடக்காது, வழிகாட்டி இல்லாமல் போகவும் கூடாது. வெள்ளை வெளிச்ச ரோச் கொண்டு போவது பெரும் பிழை. தேவாங்கின் கண் இருட்டுக்கென்றே அமைந்தது. பளிச்சென்ற வெளிச்சம் அதற்குத் தொல்லை, நமக்கும் நட்டம், ஏனென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இலைக்குள் போய்விடும். சிவப்பு வெளிச்சம்தான் சரி. ஃபோன் ஃபிளாஷை நிறுத்தி வையுங்கள். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போகவேண்டாம். பேச்சையும் குறைக்க வேண்டும். தமிழர் நாலு பேர் சேர்ந்தால் இதுதான் மிகவும் கஷ்டம்.

லண்டன் தம்பி இரண்டு வருடம் கழித்து ஒரு தை மாதத்தில் கலியாணத்துக்கு வந்தான். இந்த முறை அந்தியில் போனோம். முக்கால் மணித்தியாலம் நடந்தும் ஒன்றுமில்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியபோது வழிகாட்டி கையை உயர்த்தினார். சிவப்பு வெளிச்சத்துக்குள், தலைக்கு மேலே ஒரு மெல்லிய கிளையில், தணல் துண்டு போல இரண்டு கண்கள். அது ஒரு கையை எடுத்து அடுத்த கொப்பில் வைப்பதற்கே அரை நிமிசம் ஆனது. தம்பி என் தோளைப் பிடித்து நுள்ளிக்கொண்டே நின்றான். வாய் மட்டும் திறக்கவில்லை.