மலக்கசிவும் நரம்புத் தூண்டல் கருவியும்: என் அனுபவம்

முதல் பிரசவத்தில் என் ஆசனவாய்ச் சுருக்குத்தசை (மலத்தை அடக்கி வைக்கும் வளையத்தசை) கிழிந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மாதவிடாய் நின்ற பிறகுதான், கழிப்பறையை எட்டுவதற்குள் மலம் கசியத் தொடங்கியது. வெட்கத்தால் இதை மூன்று ஆண்டுகள் மறைத்தது பெரும் தவறு. மாத்திரையும் இடுப்பின் அடித்தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் ஓரளவே உதவின. ஆசனவாய் வழியாக எடுத்த அல்ட்ராசவுண்டில் அந்தச் சுருக்குத்தசையின் வெளி வளையத்தில், முன்பக்கமாக இடைவெளி தெரிந்தது. கிழிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கலாம் என்றாலும், அதன் பலன் காலப்போக்கில் குறையக்கூடும் என்று மருத்துவர் விளக்கியதால், மலத்தை அடக்க உதவும், முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்பை மின்துடிப்பால் தூண்டும் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் அந்த நரம்பருகே மெல்லிய மின்கம்பியைச் செருகி, இடுப்பில் கட்டிய வெளிக்கருவியுடன் 2 வாரம் சோதித்தார்கள். கசிவு பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி வைப்பார்கள் என்பதால், ஒவ்வொரு கசிவையும் நேரத்தோடு நோட்டில் எழுதினேன். முன்பு வாரத்துக்கு 8 இருந்த இடத்தில் 2 மட்டுமே இருந்தது. (இந்த நோட்டை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம், முடிவே அதை வைத்துத்தான்.) பிறகு பிட்டத்தின் மேற்பகுதியில், தோலுக்கடியில் கருவியைப் பொருத்தினார்கள். தொடக்கத்தில் உணர்ந்த மெல்லிய துடிப்பு இப்போது பழகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். அவசரம் வந்தால் இப்போது கழிப்பறைவரை நடந்தே செல்கிறேன்.